பேக்கில் வியர்வை நாற்றம், உள்ளே உரியும் லைனிங்: வாஷிங் மெஷினில் போடலாமா?

கேள்வி இதுதான்: மூன்று வருடமாகத் தினமும் தூக்கும் பேக். தோள்பட்டியில் வியர்வை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது. உள்ளே லைனிங் பிசுபிசுத்து, வெள்ளையாக உரிந்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுகிறது. வாஷிங் மெஷினில் போட்டு எடுத்துவிடலாமா, கையால்தான் துவைக்க வேண்டுமா?

மெஷின் வேண்டாம், கையால் துவையுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு வேறு தொல்லைகள். நாற்றம் துவைத்தால் போகும். உரிவது துவைத்தால் போகாது. ஈரமும் சூடும் சேர்ந்து உண்டாக்கிய கேடு அது. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் பைகள் அழுக்கால் கெடுவதைவிட அரைகுறையாகக் காய்ந்து கெடுவதுதான் அதிகம். பையைப் பொறுத்தவரை துவைப்பது அரை மணி நேர வேலை, காயவைப்பதுதான் உண்மையான வேலை.

மெஷின் ஏன் வேண்டாம் என்றால், பை வெறும் துணி இல்லை. தண்ணீர் உள்ளே புகாமலிருக்கத் துணியின் உட்புறம் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு, முதுகுப் பக்கம் ஸ்பாஞ்சு, அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் தகடோ அட்டையோ, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் தையலும் பசையும் என்று பல சாமான்கள் சேர்ந்தது. டிரம் சுழலும்போது நாடாக்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். பக்கிளின் கொக்கி முறியும். தண்ணீர் பாட்டில் வைக்கும் வலைத்துணி எதிலாவது மாட்டிக் கிழியும். ஏற்கெனவே தளர்ந்துபோன பூச்சு ஒரே துவைப்பில் பாளம் பாளமாக உரிந்து வரும். இதைவிடப் பெரிய சிக்கல் ஸ்பின்னில் இருக்கிறது. தண்ணீர் புகாத துணி தண்ணீரை வெளியேயும் விடாது. உள்ளே தேங்கிய தண்ணீரால் ஒரு பக்கம் பாரம் ஏறி மெஷின் தாறுமாறாகக் குதிக்கும். வாட்டர்ப்ரூஃப் துணிகளைப் போடாதீர்கள் என்று மெஷினோடு வரும் கையேட்டில் எச்சரிக்கை இருப்பது இதற்காகத்தான்.

பைக்குள்ளே, பெரும்பாலும் பின் அறையின் பக்கத் தையலில், சின்னத் துணி லேபிள் ஒன்று இருக்கும். தொட்டிக்குள் கை போட்ட படம் என்றால் கையால் துவைக்கலாம். தொட்டியின் மேல் பெருக்கல் குறி என்றால் முக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைக்க மட்டும்தான். தொட்டிக்குள் 30 என்று எண் இருந்தால் 30 டிகிரி வரை மெஷினில் போடலாம். அப்படிப்பட்ட பைகளும் உண்டு. சுருட்டி உள்ளங்கையில் அடக்கக்கூடிய, தகடில்லாத மெல்லிய பைகள். அவற்றுக்கும் ஸ்பின்னை அணைத்துவிடுவது நல்லது.

துணி என்னவென்றும் ஒரு பார்வை. நைலான், பாலியஸ்டர் இரண்டும் தண்ணீருக்குப் பயப்படாதவை. பள்ளிப்பை, லேப்டாப் பை, மலையேற்றப் பை எல்லாம் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றுதான். பருத்திக் கேன்வாஸ் சுருங்கும், சாயமும் விடும். நனைத்த வெள்ளைத் துணியால் உள்மூலையில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் முக்குகிற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தோல் பட்டை வைத்த பையும் அப்படித்தான். ஊறிய தோல் காயும்போது விறைத்து வெடிக்கும், அதன் சாயம் துணியில் இறங்கும். மெழுகு ஏற்றிய கேன்வாஸில் சோப்பே படக்கூடாது, குளிர்ந்த தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். ரெக்சினைத் துடைக்கலாம், துவைக்கக்கூடாது.

அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். விலை குறைந்த பைகளில் அடியிலும் முதுகிலும் வெறும் அட்டையை வைத்துத் தைத்திருப்பார்கள். அழுத்தினால் மடங்கி, விட்டதும் திரும்பாமல் நின்றால் அது அட்டை. தையலுக்குள் அட்டை இருக்கும் பையை ஊறவைத்தால் அது கூழாகி, காய்ந்தபின் கட்டி கட்டியாக நிற்கும். அந்தப் பைக்கு நுரை தொட்ட பிரஷ்ஷால் வெளிப்பக்கம் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதுதான் வழி.

இனி துவைக்கத் தயார் செய்வது. எல்லா அறைகளையும் காலி செய்யுங்கள். பைகளில் யாருக்கும் ஞாபகம் வராத அறை ஒன்று எப்போதும் இருக்கும், முதுகுப் பக்கம் பாஸ்போர்ட் வைக்கும் அறை, அதையும் பாருங்கள். தலைகீழாகப் பிடித்து உதறிய பிறகும் தையல் மூலைகளில் பென்சில் சீவல், பிஸ்கட் தூள், நைந்த பஸ் டிக்கெட் எல்லாம் உருண்டு அடைந்திருக்கும். லைனிங்கை வெளியே இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மூலைகளைச் சுரண்டுங்கள். காய்ந்த தூளை இப்போதே எடுக்காவிட்டால் தண்ணீரில் சேறாகி இழைகளுக்குள் போய்விடும்.

மலையேற்றப் பையாக இருந்தால் முதுகில் அலுமினியக் கம்பியோ பிளாஸ்டிக் தகடோ சொருகியிருக்கும். உருவி எடுங்கள், எடுக்கும் முன் எது மேல், எது முதுகுப் பக்கம் என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். கம்பி முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைக்கப்பட்டது. திருப்பிச் சொருகினால் இடுப்பில் குத்திக்கொண்டே இருக்கும், காரணமும் லேசில் பிடிபடாது. கழற்றக்கூடிய இடுப்புப் பட்டியைக் கழற்றித் தனியாகத் துவைக்கலாம். நாடாக்கள் பக்கிளுக்குள் எப்படிப் போய் வருகின்றன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிற்பாடு தலையைச் சொறிய வேண்டாம்.

ஒரு பெரிய பக்கெட்டில் 15 லிட்டர் தண்ணீர். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும், 30 டிகிரியைத் தாண்ட வேண்டியதில்லை. அதில் ஒரு மேஜைக்கரண்டி, அதாவது 15 மில்லி, காரமில்லாத லிக்விட் சோப். துணி துவைக்கும் லிக்விட், குழந்தை ஷாம்பூ, பாத்திரம் கழுவும் லிக்விட், எதுவும் சரி. நுரை குறைவாக இருக்கிறதே என்று இன்னும் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். சோப்பு போடுவது சுலபம், ஸ்பாஞ்சிலிருந்து அதை வெளியே எடுப்பதுதான் கஷ்டம். தங்கிய சோப்பு அடுத்த வியர்வையில் மறுபடி பிசுபிசுக்கும். சோப்புத்தூள் வேண்டாம், கரையாத தூள் தையலில் வெள்ளையாகப் படியும். ப்ளீச்சிங் பவுடரும் அதன் திரவ வகைகளும் அறவே கூடாது. குளோரின் நைலானின் பலத்தையே தின்றுவிடும். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கும் திரவமும் தேவையில்லை. அது இழைகளின் மேல் ஒரு படலம் விட்டுப்போகும், வெளித்துணியின் தண்ணீர் ஒட்டாத தன்மை அதனால் போய்விடும்.

ஜிப்புகளை எல்லாம் திறந்து, பையை முக்கி, 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். இரவு முழுக்க ஊறவைத்தால் அழுக்கு நன்றாக விடும் என்பது வேட்டி, பெட்ஷீட்டுக்கு. பூச்சுள்ள துணிக்கு இல்லை. பிறகு வெளித்துணியை மிருதுவான பிரஷ்ஷால், இழை ஓடும் திசையில் தேயுங்கள். அடிப்பாகம், கைப்பிடி, முதுகின் வலைத்துணி, இந்த மூன்று இடத்துக்குத்தான் முக்கால்வாசி நேரம் போக வேண்டும். உள்பக்கத்தை பிரஷ்ஷால் தொடாதீர்கள், ஈரமான ஸ்பாஞ்சு போதும்.

தோள்பட்டியில்தான் உங்கள் நாற்றம் இருக்கிறது. வியர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. அதிலுள்ள எண்ணெய்ப்பசையையும் மற்றதையும் பாக்டீரியா உடைப்பதால்தான் நாற்றம் வருகிறது, அந்தப் பாக்டீரியாவுக்கு ஈர ஸ்பாஞ்சைவிட நல்ல வீடு கிடைக்காது. மேலே தேய்ப்பதால் உள்ளே எதுவும் நடக்காது. பட்டியைச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்தி, சப்பாத்தி மாவு பிசைவதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். முதல் அழுத்தலில் டீ நிறத்தில் தண்ணீர் வரும். தண்ணீரை மாற்றி, வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை இதையே செய்யுங்கள். பல வருடத்துப் பட்டி என்றால் நான்கைந்து தடவை ஆகும்.

அப்படியும் வாடை நின்றால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து பட்டியில் நன்றாக ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, மறுபடி ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் அழுத்திக் கழுவுங்கள். என்சைம் சேர்த்த துணி லிக்விடும் வேலை செய்யும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், கொதிக்கும் தண்ணீரில் என்சைம் செத்துவிடும். வினிகர் போட்ட இடத்தில் ப்ளீச் எந்தக் காரணத்துக்கும் படக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பெர்ஃப்யூம், பவுடர் எல்லாம் வாடையின் மேல் இன்னொரு வாடை, அவ்வளவுதான்.

அலசும் தண்ணீர் எது என்பதற்கு நாம் மதிப்புக் கொடுப்பதில்லை. உப்பு மிகுந்த போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியில் ஒட்டும். கறுப்புப் பை காய்ந்தபின் சாம்பல் பூத்த மாதிரித் தெரிவது அதனால்தான். துவைப்பது போர் தண்ணீரிலேயே இருக்கட்டும், கடைசி அலசல் மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பயன்படுத்தும் வீடுகள் நிறைய. வீடு துடைக்க அது நல்லதுதான், பை அலச வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குறைந்தது மூன்று அலசல். பையில் தண்ணீரை நிரப்பி, ஆட்டி, கவிழ்த்துக் கொட்டினால் மூலைகளில் இருக்கும் நுரையும் வந்துவிடும்.

முறுக்கிப் பிழியாதீர்கள். முறுக்கினால் பூச்சில் நுண்ணிய விரிசல் விழும், ஸ்பாஞ்சு உள்ளே மடிந்து அப்படியே நிற்கும். ஒரு பெரிய துண்டில் பையை வைத்துச் சுருட்டி, மேலே முழங்கையால் அழுத்துங்கள். தோள்பட்டிகளுக்குத் தனித் துண்டு.

காயப்போடும்போது தலைகீழாக, வாய் கீழே பார்க்க, எல்லா ஜிப்பும் திறந்து தொங்கவிடுங்கள். அடிப்பாகத்தில் உள்ள இரண்டு நாடா முனைகளில் கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடலாம். முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் சொட்டும். அதன்பின் லைனிங்கை வெளியே இழுத்துவிட்டு, காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள். மொட்டை மாடி வெயில் சீக்கிரம் காய வைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நைலானை வெயிலின் புற ஊதாக் கதிர் நாள்பட நாள்படப் பலவீனமாக்கும், நிறமும் வெளுக்கும். அவசரம் என்றால் காலை எட்டு மணி வெயிலில் ஒரு மணி நேரம், போதும். ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ், கேஸ் அடுப்பின் பக்கத்தில் தொங்கவிடுவது எல்லாம் பூச்சையும் ஸ்பாஞ்சையும் சுருட்டிவிடும்.

வெளித்துணி நான்கைந்து மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஸ்பாஞ்சு காயாது. தோள்பட்டிக்கு மின்விசிறியின் கீழ் ஒரு நாள், ஈரமான பருவத்தில் இரண்டு நாள்கூட ஆகும். தொட்டுப் பார்த்தால் காய்ந்தமாதிரியே இருக்கும், நம்பாதீர்கள். பட்டியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. டிஷ்யூ பேப்பரை வைத்து இரண்டு விரலால் அழுத்தினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஈரத்தோடு பையைப் பயன்படுத்த ஆரம்பிப்பதுதான், துவைத்த இரண்டாம் நாளே பழைய நாற்றம் திரும்பி வருவதற்குக் காரணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நாட்களில் முழுத் துவைப்பைத் தள்ளிப்போட்டு, துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். பிள்ளைகளின் பள்ளிப்பைக்குக் கோடை விடுமுறையின் முதல் வாரம் தோதான நேரம்.

எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை? தினசரிப் பைக்கு வருடத்தில் இரண்டு முழுத் துவைப்பு தாராளம். அதைவிட அடிக்கடி துவைப்பது பைக்கு நல்லதில்லை. மாதம் ஒரு தடவை உதறி, முதுகையும் பட்டியையும் ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விட்டால் நாற்றம் பிடிக்கவே பிடிக்காது. துணியில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிந்தால் அது வியர்வையின் உப்பு. வெறும் தண்ணீரில் நனைத்த துணியே போதும். கடற்கரைக்குப் போய் வந்த பையை அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பும் மணலும் ஜிப்பை அரைத்துவிடும்.

இப்போது உரியும் லைனிங். அந்தப் பூச்சு பாலியூரித்தேன். விலை மலிவான வகைகளில் காற்றின் ஈரமே அதன் வேதிப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும், சூடு அதை விரைவுபடுத்தும். பல வருடம் அலமாரியில் கிடந்த ஷூவின் அடிப்பாகம் ஒரு நாள் தூள் தூளாக உதிர்வதும் இதே சங்கதிதான். முதலில் பிசுபிசுக்கும், வாந்தி மாதிரி ஒரு புளிச்ச வாடை வரும், பிறகு உரியும். வியர்வை வாடையா, இந்த வாடையா என்று சந்தேகம் வந்தால் தோள்பட்டியையும் பைக்குள் அடிப்பாகத்தையும் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். உள்ளேயிருந்துதான் வருகிறதென்றால் எத்தனை சோப்பு போட்டாலும் போகாது, கெட்ட பூச்சை முழுக்க எடுத்தால்தான் போகும்.

இதைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. தூளாக உதிரும் நிலை என்றால் வெளியிடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, கெட்டியான பிரஷ்ஷால் தேய்த்து எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுத் துவையுங்கள். உள்பக்கத்தை பிரஷ்ஷால் தொடாதீர்கள் என்று மேலே சொன்னது நல்ல பூச்சுக்குத்தான். இன்னும் பிசுபிசுப்பு நிலையில் இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 70% ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து, ஒரு சாண் இடமாக எடுத்துத் தேய்த்துத் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நேரம் பிடிக்கும் வேலை, துணியும் நிறையச் செலவாகும். டால்கம் பவுடர் தூவினால் ஒட்டுவது ஒரு வாரம் நிற்கும், அவ்வளவுதான் அதன் பலன். பூச்சு போன பை கிழிந்துவிடாது, மழைக்கு மட்டும் ஆகாது. டெண்ட்டுக்குப் பூசும் பூச்சு வாங்கித் தடவலாம் என்பார்கள். தினசரிப் பையின் உள்மூலைகளில் அதைச் சீராகத் தடவுவது நடக்கிற காரியமில்லை. கனமான பாலித்தீன் பை ஒன்றை உள்ளே போட்டு, அதற்குள் லேப்டாப்பையும் நோட்டையும் வைத்துக்கொள்வது எளிது.

பூச்சு நன்றாக இருக்கும் பைக்கும் இந்த உள்பை யோசனை பொருந்தும். துணி தண்ணீரை விடாவிட்டாலும் தையலில் ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் விடும். வெளியே மாட்டும் ரெயின் கவர் முதுகுப் பக்கத்தை மூடாது. பைக் ஓட்டும்போது முதுகில் வழியும் தண்ணீர் அங்கேதான் இறங்குகிறது. அந்த ரெயின் கவரை நனைந்தபடியே சுருட்டி அதன் அறைக்குள் திணிப்பதுதான் பலரும் செய்வது. பையில் முதலில் பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான். வெளித்துணியில் தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஊறிப் பரவ ஆரம்பித்தால், டெண்ட், ரெயின்கோட்டுக்கு விற்கும் தண்ணீர் விலக்கி ஸ்ப்ரேயைத் துவைத்து ஈரமாக இருக்கும்போதே 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அடித்து, இரண்டு நிமிடம் கழித்து மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.

கறைகள். சாம்பார், குழம்பு சிந்திய மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும், பயப்படாதீர்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும், அலசினால் திரும்பும். எண்ணெய்ப் பசையை லிக்விடால் எடுத்தபின் மிஞ்சும் மஞ்சளுக்கு வெயிலைவிட நல்ல மருந்து இல்லை. மற்ற இடத்தைத் துணியால் மூடி, கறையை மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் வெயிலில் காட்டுங்கள். ஊறுகாய் எண்ணெய் என்றால் முதலில் பவுடர் தூவி உறிஞ்சவிட்டு, தண்ணீர் படுமுன் பாத்திர லிக்விடை நேரடியாகத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். தயிர், பால் கொட்டினால் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் புரதத்தை இழையோடு ஒட்டவைத்துவிடும். தயிர் சாதம் கொட்டி இரண்டு நாள் கவனிக்காமல் விட்ட பைக்கு மேலே சொன்ன என்சைம் லிக்விட்.

பால் பாயிண்ட் பேனா மைக்கு ஹேண்ட் சானிடைசர். அடியில் டிஷ்யூ வைத்து, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். ஜெல் பேனா மை முழுசாகப் போகாது. ஒயிட்னரைக் காயவிட்டு, துணியை மடக்கி மடக்கி உதிர்த்துவிடுங்கள்; தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் மூன்றும் கறையோடு பூச்சையும் அச்சையும் சேர்த்து எடுத்துவிடும். சூயிங் கம்மின் மேல் ஐஸ் கட்டி வைத்து, விறைத்ததும் பெயர்த்தெடுக்கலாம். சேறு ஈரமாக இருக்கும்போது கை வைக்காதீர்கள், காய்ந்தபின் பாதி தானே உதிரும். எந்தத் திரவமானாலும் முதலில் உள்மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது.

பூஞ்சை பிடித்த பையை வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்துகள் பரவும். வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, வினிகர் கலந்த தண்ணீரையோ ஆல்கஹாலையோ தடவி, அரை மணி கழித்துத் துவையுங்கள். பூஞ்சையும் வாடையும் போகும். கறும்புள்ளிகள் பெரும்பாலும் தங்கிவிடும், அதை எடுக்கிறேன் என்று ப்ளீச் பக்கம் போகவேண்டாம்.

ஜிப்புக்கு ஒரு தனிப் பத்தி தரலாம், ஏனென்றால் பை தூக்கிப்போடப்படுவது பாதி நேரம் ஜிப்பால்தான். ஜிப் மூடிக்கொண்டே போக, பின்னால் பிளந்துகொண்டே வந்தால் பல் கெட்டுவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் பல் நன்றாகத்தான் இருக்கும், தேய்ந்தது ரன்னர். ரன்னரின் பின்முனையில், மூடிய பற்கள் வெளியே வரும் பக்கத்தில், மேல் தகட்டுக்கும் கீழ் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அகன்றுபோயிருக்கும். சின்னக் குறடால் இடது ஓரத்தை ஒரு துளி, வலது ஓரத்தை ஒரு துளி அழுத்தி, ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக அழுத்தினால் இறுகி நின்றுவிடும். இந்த வைத்தியம் ஒன்றிரண்டு முறைக்குத் தாங்கும், அதன்பின் ரன்னர் வெடித்துவிடும். அப்போது ரன்னரை மட்டும் மாற்றலாம். அதன் பின்பக்கத்தில் 5, 8, 10 என்று அளவு எண் பொறித்திருக்கும். அதே எண், அதே வகைப் பல்லுக்கானது என்று கேட்டு வாங்கி, ஜிப்பின் முனைத் தையலைக் கொஞ்சம் பிரித்து ஏற்றி மறுபடி தைத்துவிடலாம். பை தைக்கும் கடைக்காரருக்குப் பத்து நிமிட வேலை. சுருள் பல் ஓரிடத்தில் நசுங்கியோ அறுந்தோ போயிருந்தால்தான் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டிவரும்.

ஓட்டம் கடினமாக இருந்தால் டூத் பிரஷ்ஷில் சோப்பு நீர் தொட்டுப் பல் நெடுகத் தேய்த்து, அலசி, காய்ந்தபின் மெழுகுவத்தியை மேலும் கீழும் உரசி, ரன்னரை நாலைந்து தடவை ஓட்டி, உதிர்ந்த மெழுகைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டும் அன்றைக்கு வழுக்கும், ஒரு வாரத்தில் தூசியைப் பிடித்துக் களிம்பாகும். துணி ஜிப்பில் மாட்டினால் முன்னே இழுக்காமல், துணியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ரன்னரைப் பின்னே கொண்டுவாருங்கள். பை பிதுங்கும்போது மூட வேண்டியிருந்தால் ஒரு கையால் இரு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மூடுங்கள். இழுப்பு விசை ரன்னரின் மேல் விழக்கூடாது.

வைத்திருக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் காங்கிரீட் தளத்துக்கு அடியில் இருக்கும் பரண் அனலாகக் கொதிக்கும். பாலித்தீனில் இறுகக் கட்டிப் பரணில் ஏற்றிய பைக்குத்தான் மேலே சொன்ன பிசுபிசுப்பு சீக்கிரம் வரும். திறந்த கொக்கியில், ஜிப் பாதி திறந்து, உள்ளே பழைய வேட்டியைச் சுருட்டி வைத்துத் தொங்கவிடுங்கள். செய்தித்தாள் திணித்தால் வெளிர் லைனிங்கில் மை ஒட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய டப்பாவில்தான் வேலை செய்யும். திறந்த பைக்குள் ஒன்றிரண்டு நாளில் அது ஊறி நிறைந்துவிடும். நாப்தலீன் உருண்டை போட்டால் அந்த வாடை ஸ்பாஞ்சிலிருந்து மாதக்கணக்கில் போகாது. பிஸ்கட் தூள் இல்லாமல் வைப்பது முக்கியம், எறும்புக்காக மட்டும் சொல்லவில்லை. எலி அந்த வாடைக்காகவே அடிப்பாகத்தைக் கடித்து ஓட்டை போடும். ஹாஸ்டலிலோ ரயிலிலோ தங்கி வந்த பையைக் கட்டிலில் வைக்காமல், விளிம்புத் தையல்களை டார்ச் அடித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி அங்கேதான் ஒளியும்.

கடைசியாக, தோள்பட்டி. நிறைந்த பையை ஒரு பட்டியால் மட்டும் வெடுக்கென்று தூக்குவதால்தான் பட்டியின் மேல் இணைப்பு பிய்கிறது. உச்சியில் இருக்கும் சின்னக் கைப்பிடி எதற்கென்றால் தரையிலிருந்து தூக்கத்தான். இணைப்பில் நூல் ஒன்றிரண்டு இழை எழும்பும்போதே கொடுத்துத் தைத்துவிடுங்கள். துணி கிழிந்தபின் தைத்தால் பக்கத்தில் புதிதாகக் கிழியும், உள்ளே ஒட்டுத்துணி வைக்க வேண்டிவரும். செருப்புத் தைப்பவரிடமே கொடுக்கலாம். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுப்போகும். நைலான் நூலால் நெருக்கமாக, நான்கு பக்கமும் சுற்றி நடுவில் குறுக்காகப் பெருக்கல் குறி வருகிறமாதிரி தைக்கச் சொல்லுங்கள். பிசிறு நிற்கும் நாடா முனையை லைட்டர் நெருப்பில் ஒரு நொடி காட்டினால் உருகி அடங்கிவிடும். பருத்தி நாடாவில் அதைச் செய்யாதீர்கள், எரிந்துவிடும்.